ஓடாத ரயிலைப் பரணில் போடுமுன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து வீடுகளில் மாடல் ரயில் எங்கே இருக்கப்போகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இருக்கிறது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் பிழைக்கப்போன மாமாக்களும் சித்தப்பாக்களும் எண்பதுகளில் துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த ஹார்ன்பியும் லீமாவும் பல வீட்டுப் பரண்களில் அட்டைப்பெட்டியோடு கிடக்கின்றன. இப்போது அவற்றை எடுத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள் பேரப்பிள்ளைகள். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்து ஓய்வுபெற்று, பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் குடியிருக்கிறேன். இந்த ரயில்களைப் பழுது பார்க்கும் வேலை எனக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “தாத்தா, மோட்டார் போச்சா? புதுசு வாங்கிரலாமா?” பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் கையில் இருப்பது எந்த ரயில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்டவாளத்தின் உள்ளகலம் 16.5 மில்லிமீட்டர் என்றால் அது எச்ஓ அல்லது ஓஓ. எச்ஓ என்பது நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு. பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ 76-ல் ஒரு பங்கு. பாதை இரண்டுக்கும் ஒன்றே. 9 மில்லிமீட்டர் என்றால் ‘என்’ (N) எனப்படும் அளவு. ஹார்ன்பி, லீமா, பாக்மன் போன்றவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில், அதாவது டிசியில் ஓடும். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். ஜெர்மனியின் மேர்க்லின் எச்ஓ ரயில் மட்டும் தனி ஜாதி. பழைய மேர்க்லின் மாறுமின்சாரத்தில் ஓடுவது, மின்சாரத்தை நடுவில் உள்ள மூன்றாவது தொடர்பிலிருந்து எடுப்பது. அதன் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே மின்காப்பு கிடையாது. அதை ஹார்ன்பி பாதையில் வைத்தால் நேரடி ஷார்ட்தான். “ஓடவில்லை” என்று வந்து சேரும் சில ரயில்களுக்கு ஒரு நோயும் இல்லை. வேறு வீட்டுப் பாதையில் நிற்கின்றன, அவ்வளவே.

2. பழைய கன்ட்ரோலரைச் சுவரில் சொருகாதீர்கள். இதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். நாற்பது ஆண்டு பரணில் கிடந்த டிரான்ஸ்பார்மரின் வயர் உறை பொரிந்துபோயிருக்கும். உள்ளே 230 வோல்ட் வருகிறது. அறுபதுகளின் கன்ட்ரோலர்கள் பலவற்றில் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். அது எரிந்தால் வரும் புகை நாற்றம் மட்டுமல்ல, நஞ்சும்கூட. பெட்டியோடு அதைப் பத்திரமாக வையுங்கள், பார்வைக்கு. ஓட்டுவதற்கு 12 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டரும், அதற்கேற்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் யோசிக்காமல் மாற்ற வேண்டிய பழம்பொருள் இது ஒன்றுதான்.

3. பிரிப்பதற்கு முன் கண்டுபிடியுங்கள். மில்லில் ரிங் ஃபிரேமில் ஒரு ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றினால் நூலில் முறுக்கு குறையும். புதிதாகச் சேர்ந்தவன் ஸ்பிண்டிலைக் கழற்றப் போவான். அனுபவஸ்தன் அதைச் சுற்றும் டேப்பைத் தொட்டுப் பார்ப்பான், டேப் தளர்ந்திருக்கும். ரயிலிலும் சங்கிலி இதேதான்: கன்ட்ரோலர், தண்டவாளம், சக்கரம், சக்கரத்தைத் தொடும் தகடு, பிரஷ், மோட்டார், கியர், மறுபடி சக்கரம். எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் திருப்புளியை எடுக்காதீர்கள்.

டிசி இன்ஜினுக்கு எளிய சோதனை ஒன்பது வோல்ட் பேட்டரி. இரண்டு வயரை இன்ஜினின் இரு பக்கச் சக்கரங்களில் வையுங்கள். ஓடினால் குற்றம் பாதையில். ஓடாவிட்டால் மேல்கூட்டைக் கழற்றி அதே வயர்களை மோட்டாரின் பிரஷ் முனைகளில் நேராக வையுங்கள். அங்கே ஓடினால் மின்சாரத்தை எடுத்துவரும் வழியில் கோளாறு. மோட்டார் சுற்றியும் சக்கரம் சுற்றாவிட்டால் கியர். மோட்டார் முனகிக்கொண்டு நின்றால் எங்கோ இறுக்கம், அல்லது பிரஷ். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புது இன்ஜினுக்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும்.

4. நம் ஊர்த் தூசி வேறு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள், ராஜபாளையத்தில் மில்கள். காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. அந்த இழை ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், கியருக்குள் போகும், நீங்கள் விட்ட எண்ணெயைக் குடித்துவிட்டுக் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அடிமூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு ஆக்சிலையும் பாருங்கள். மெல்லிய சாமணத்தால் இழையைப் பிடித்து, ஆக்சிலைத் திருப்பிக்கொண்டே உருவுங்கள். வெட்டி இழுக்க வேண்டாம், பாதி உள்ளேயே தங்கும்.

சக்கரத்தின் ஓட்டுப் பரப்பில் கறுப்பாகப் படிந்திருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். கீறல் விழுந்தால் அடுத்த அழுக்கு அதற்குள் வேகமாகப் பிடிக்கும். தண்டவாளத்துக்கும் இதே வைத்தியம். டிரையாங் என்ற பழைய கம்பெனியின் பாதைகள் பல எஃகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மலையடிவாரத்தில் ஒரே வாரத்தில் செந்துரு காட்டும். நிக்கல் சில்வர் பாதை துரு பிடிக்காது. பாதையைப் பொறுத்தவரை மாற்றுவதுதான் லாபம்.

சக்கரத்தின் பின்புறத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மெல்லிய வெண்கலத் தகட்டையும் பாருங்கள். அது சக்கரத்தை விட்டு ஒரு முடி அளவு விலகினாலும் இன்ஜின் நின்று நின்று ஓடும். சாமணத்தால் மெதுவாக வளைத்தால் போதும். அழுத்தமாக வளைத்தால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

5. மோட்டாரைப் பற்றி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கெடுக்கப்படுவது இதுதான்.

பழைய மாடல் ரயில் மோட்டாரில் மூன்று காயில் சுற்றிய ஆர்மேச்சர், மூன்று துண்டாகப் பிரிந்த செப்புக் கம்யூட்டேட்டர், இரண்டு கார்பன் பிரஷ், ஒரு காந்தம். டிரையாங்கின் எக்ஸ்-04 நீளவாக்கில் திறந்து நிற்கும். லீமாவுடையது தட்டையாக, தோசைக்கல் போல வட்டமாக இருக்கும். ஹார்ன்பியின் ரிங்ஃபீல்டும் வட்டம்தான்.

பிரஷ் தேய்ந்த கார்பன் தூள் கம்யூட்டேட்டரின் இடைவெளிகளில் அடைத்துக்கொள்ளும். அப்போது மின்சாரம் காயிலுக்குள் போகாமல் துண்டுக்குத் துண்டு குறுக்கே பாயும். மோட்டார் சூடாகும், மெதுவாகும், பொறி பறக்கும். பிரஷ்ஷைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். மூங்கில் பல்குச்சியை நுனி சீவி அந்த மூன்று இடைவெளிகளையும் சுரண்டுங்கள். ஊசியோ பிளேடோ வேண்டாம். பிறகு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் செப்பைத் துடையுங்கள், செப்பு நிறம் தெரியும்வரை.

இப்போது மல்டிமீட்டரை ஓமில் வைத்து, மூன்று துண்டுகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஆர்மேச்சர் நல்லது. ஒன்று மட்டும் மாறினால் காயில் அறுந்தோ உள்ளே ஷார்ட் ஆகியோ இருக்கிறது. கம்யூட்டேட்டர் துண்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே தொடர்பு காட்டினாலும் ஆர்மேச்சர் போய்விட்டது. இந்தச் சோதனையில் தோற்றால் மட்டும்தான் “மோட்டார் போச்சு” என்று சொல்லலாம்.

பிரஷ் ஸ்பிரிங் தளர்ந்தால் பொறி வரும். இழுத்து நீட்டி முரட்டு அழுத்தம் கொடுத்தால் கம்யூட்டேட்டரில் பள்ளம் விழும். தேய்ந்த பிரஷ்ஷுக்குப் பதில் மிக்சி பிரஷ்ஷைத் தேய்த்துச் செதுக்கிப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஓடும். ஆனால் கார்பனின் கடினம் வேறு, செப்பைத் தின்றுவிடும். அதற்குரிய பிரஷ் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இன்னொன்று. எக்ஸ்-04 போன்ற பழைய மோட்டாரில் காந்தத்தைச் சும்மா கழற்றக் கூடாது. கழற்றினால் அதன் சக்தி குறையும். கழற்றியே ஆகவேண்டுமானால் இரு துருவங்களுக்கும் குறுக்கே ஒரு தேனிரும்புத் துண்டை ஒட்டவைத்தபடியே வெளியே எடுங்கள். காந்தம் பலவீனமான மோட்டாரின் அடையாளம் இது: சும்மா விட்டால் வேகமாகச் சுற்றும், பெட்டியை மாட்டினால் இழுக்காது, தொட்டால் சுடும். அதற்குச் சிறிய நியோடிமியம் காந்தத்தை அளவு பார்த்து வைத்தால் மோட்டாருக்கு மறுபடி உயிர் வரும். மோட்டாரையே மாற்ற வேண்டியதில்லை.

6. எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், வெயிலில் சிக்குப் பிடிக்கும். டபிள்யூ.டி.-40 தெளித்தால் அன்றைக்கு ஓடும், பிறகு அது ஆவியாகிப் பிசினாக நிற்கும். மோட்டார் தண்டின் இரு பேரிங்கிலும் ஊசிமுனை அளவு ஒரு சொட்டு, மெல்லிய தையல் மெஷின் எண்ணெய். எங்கள் ஊரில் மில் ஸ்பிண்டில் ஆயில் கிடைக்கும், அதுவும் மெல்லியதுதான். ஆனால் எந்த எண்ணெயையும் பிளாஸ்டிக் கியரில் படவிடுமுன் தேவையில்லாத பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் தடவி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், மென்மையானால் வேண்டாம். கியர் பல்லுக்குப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கிரீஸ் மெலிதாக. கம்யூட்டேட்டரில் ஒரு சொட்டும் கூடாது.

பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்தால் அதன்மேல் புதியதைப் போடாதீர்கள். முழுதும் வழித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். பல ஆண்டு ஓடாத இன்ஜினில் மோட்டார் முனகுவதன் காரணம் பாதிக்கு மேல் இந்தக் காய்ந்த கிரீஸ்தான்.

7. கியர் பேசும், கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை “டக்” என்று துள்ளினால், ஆக்சிலில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கிறது. நைலான் வகைப் பிளாஸ்டிக் ஆண்டுகள் போகப் போகச் சுருங்கும். உள்ளே எஃகுத் தண்டு விட்டுக்கொடுக்காது. கடைசியில் இரண்டு பல்லுக்கு நடுவே கீறல் விடும். அமெரிக்காவின் லைஃப்லைக் விற்ற புரோட்டோ 2000 டீசல் இன்ஜின்கள் இந்த வெடிப்புக்குப் பேர்போனவை. கீறல் மயிரிழை அளவுதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் பல் இடைவெளி விரிந்து, எதிர்ப்பல் சரியாக உட்காராது.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. புதுக் கியர்தான் வழி. வாங்குவதற்குப் பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், துளை விட்டம் மூன்றும் வேண்டும். வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கியரின் துளை மிக இறுக்கமாக இருந்தால் அதுவும் நாளைக்கு வெடிக்கும். துளையைச் சிறிதளவு பெரிதாக்கி, கையழுத்தத்தில் ஏறும்படி செய்யுங்கள். ஏற்றியபின் இரு சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளந்து பார்க்க மறக்காதீர்கள். ஓஓ அளவுக்கு அது 14.5 மில்லிமீட்டர். கொஞ்சம் குறைந்தாலோ கூடினாலோ பாதை பிரியும் பாயின்ட்டில் தடம் புரளும், நீங்கள் பாயின்ட்டைக் குறை சொல்வீர்கள்.

மோட்டார் தண்டின் நுனியில் உள்ள வார்ம், அதாவது திருகுக் கியர், தளர்ந்து வழுக்குவதும் உண்டு. தண்டைப் பிடித்துக்கொண்டு வார்மைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

8. நீராவி இன்ஜின் மாடலில் சக்கரத்தைக் கழற்றுபவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்க இணைப்புக் கம்பியின் ஊசி மேலே இருக்கும்போது மறுபக்க ஊசி 90 டிகிரி தள்ளி இருக்கும். எல்லா ஆக்சிலிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இன்ஜின் நொண்டும், மோட்டார் எரியும். கழற்றுமுன் போனில் படம் எடுங்கள்.

9. சக்கரம் சுற்றுகிறது, ரயில் நகரவில்லை என்றால் டிரைவ் கெடவில்லை. இழுக்கும் சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வழுவழுப்பாகியிருக்கும், அல்லது உதிர்ந்திருக்கும். புது வளையம் போடுங்கள்.

10. இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: எப்போது மாற்றுவது?

கைவிட வேண்டிய நோய் ஒன்று உண்டு. பழைய இன்ஜின்களின் அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. வார்த்தபோது அதில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட்போல நொறுங்கும். ஈர வெப்பம் அதை விரைவுபடுத்தும். போருக்கு முந்தைய இன்ஜின்களில் இது அதிகம். 1990-களுக்குப் பின் சீனாவில் தயாரான சிலவற்றிலும் வந்திருக்கிறது. சட்டத்தில் வலைபோலக் கீறலும், நேராக இருக்க வேண்டிய பக்கம் வளைந்தும் தெரிந்தால் மருந்தில்லை. மோட்டாரையும் சக்கரத்தையும் உடனே கழற்றிக் காப்பாற்றுங்கள்.

மற்றபடி என் தீர்ப்பு இது: மேல்கூடும் சட்டமும் நன்றாக இருக்கும்வரை பழுது பாருங்கள். பெரிய ரயில்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் கிட்சன் கம்பெனி கட்டிய ஈ.ஐ.ஆர்.-21 இன்ஜின் நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-ல் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் அதைப் பழுது பார்த்து மறுபடி நீராவியில் ஓட்டினார்கள். நீலகிரி மலை ரயிலில் வேறு முடிவு எடுக்கப்பட்டது. அங்கே ஓடிய எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. அவை தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகுப்பில் எண்ணெய் எரிக்கும் புது இன்ஜின்களையே கட்டினார்கள். முதலாவது 2011-ல் வந்தது. இந்த இரண்டிலும் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. ஒன்று தனி இன்ஜின், அதற்கு மாற்று இல்லை, ஆகவே பழுது பார்த்தார்கள். மற்றது அன்றாடம் மலையேற வேண்டிய வண்டி, ஆகவே புதிது கட்டினார்கள், ஆனால் வடிவத்தை விடவில்லை. உங்கள் ரயில் தாத்தாவின் நினைவா, தினமும் ஓட்டும் விளையாட்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. மோட்டாரை மட்டும் மாற்றுவது நடுவழி, பல சமயம் அதுவே நல்வழி. லீமா நிறுவனம் 2004-ல் முடிந்துபோய் ஹார்ன்பி கைக்குப் போனது. அதன் பழைய வட்ட மோட்டாருக்கு உதிரி தேடி அலைவதைவிட, அந்தக் கூட்டுக்குள்ளேயே சிடி டிரைவிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரைப் பொருத்தும் வழக்கம் உலகமெங்கும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் இந்த மாதிரிச் சிறு மோட்டார்கள் கிடைக்கும். வாங்கும்போது நான்கைப் பாருங்கள்: வோல்ட், தண்டின் விட்டம், உடலின் விட்டம், சுற்று வேகம். ஐந்தாறு வோல்ட் மோட்டாரை 12 வோல்ட்டில் முழு வேகம் விட்டால் நீண்ட நாள் தாங்காது. பாதிக்கு மேல் முடுக்காதீர்கள், அல்லது 12 வோல்ட்டுக்கானதையே தேடுங்கள். பழைய திறந்த மோட்டார் அரை ஆம்பியர்வரை இழுக்கும், புதியது கால் ஆம்பியருக்குள் அடங்கும். நாளைக்கு டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கான டி.சி.சி. டீகோடர் போட ஆசையிருந்தால் இந்த வேறுபாடு முக்கியம். அப்போது மோட்டாரின் இரு முனைகளும் சட்டத்தைத் தொடாமல் தனித்திருக்க வேண்டும்.

பொருத்தும்போது மோட்டார் தண்டு கியருக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. வார்முக்கும் கியருக்கும் நடுவே மெல்லிய தாள் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள்.

12. சட்டத்தையே மாற்றுவதாக இருந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகும் பாதை 1927-ல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. அகலப்பாதையாக மாறியது 2004-ல். அந்த மீட்டர் கேஜ் வண்டியை 87-ல் ஒரு பங்கில் செய்தால் தண்டவாள அகலம் 11.5 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் டிடி அளவுச் சட்டம் அதற்குக் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நின்ற வண்டியை மேல்கூடாகச் செய்து, நல்ல டிரைவ் உள்ள டிடி சட்டத்தில் உட்காரவையுங்கள். அந்த வண்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. நீங்கள் செய்தால்தான் உண்டு.

13. வேலை முடிந்ததும் பெட்டிகளை மாட்டாதீர்கள். தனி இன்ஜினைப் பாதி வேகத்தில் முன்னுக்கு அரை மணி, பின்னுக்கு அரை மணி ஓடவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்தி 5-ஆம் எண்ணுக்குத் திரும்புங்கள்.

14. பரணில் மறுபடி வைக்காதீர்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் சித்திரை வெயில் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துப் பெயின்ட்டில் ஒட்டும். அதை எறிந்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டினாலே கிரீஸ் இறுகாது.

15. புதியது வாங்கியே தீரவேண்டும் என்று முடிவானாலும் பழையதை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். நல்ல பிரஷ், ஒரு ஜோடி சக்கரம், வெடிக்காத ஒரு கியர் என்று அதற்குள் இன்னொரு வீட்டு ரயிலுக்கான உதிரி இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையையே தாண்டும் சாமான் அது. கழற்றி, பெயர் எழுதிய சிறு டப்பாக்களில் போட்டு, கேட்டு வரும் அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.